புரோநவுன் சந்தேகங்கள்: பெரியவரை 'ஹீ' என்று சொல்லலாமா? 'இட்' எங்கெல்லாம் வேண்டும்?

வளவுத்தூண் கேட்டது:

வணக்கம். கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றைச் சுற்றிக் காட்டுகிற வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம். சொற்கள் வருகின்றன, டென்ஸும் ஓரளவு பிடிபடுகிறது. புரோநவுன் வருகிற இடத்தில்தான் வாக்கியம் இடறுகிறது. ஐ, மீ, மை, மைன் அட்டவணை மனப்பாடம். அதைத் திரும்பத் தர வேண்டாம். எது சரி, ஏன் என்று விளக்கினால் போதும்.

வீட்டைக் கட்டிய பெரியவரைப் பற்றிப் பேசும்போது 'ஹீ' என்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. 'தே' என்றால், 'எத்தனை பேர் சேர்ந்து கட்டினார்கள்?' என்று கேட்கிறார்கள். வீட்டைப் பார்த்து முடித்தவரிடம் 'டிட் யூ லைக்?' என்று கேட்டால் போதாதா? 'மழை வரும்போல இருக்கு', 'ஆத்தங்குடி போகக் கால் மணி நேரம் ஆகும்' என்பவற்றுக்கு எழுவாய் எது? 'மைசெல்ஃப் சொல்லப்பன்' என்று அறிமுகம் செய்துகொள்வது தப்பு என்கிறார்களே, ஏன்? ஹூ, ஹூம், விச், தட் இவற்றில் எதை எங்கே போடுவது?

செக்காலை வாத்தியார்:

தம்பி, அட்டவணை தெரிந்தும் வாயில் வராததற்குக் காரணம் நம் வினைமுற்று. 'வந்தேன்' என்றால் நான், 'வந்தான்' என்றால் அவன், 'வந்தோம்' என்றால் நாம். ஆள் யார் என்பதை விகுதியே சொல்லிவிடுவதால் நான், அவன் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இங்கிலீஷில் 'கேம்' என்ற ஒரே வடிவம்தான் ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே எல்லாவற்றுக்கும். வினைக்குள் ஆள் இல்லை. அதனால் வினைக்கு முன்னால் எழுவாய்க்கு ஒரு இடம் இருக்கிறது, அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. ஏவலுக்கு மட்டும் விலக்கு: 'கம் இன்', 'ஸிட் டவுன்' என்பவற்றில் 'யூ' மறைந்து நிற்கிறது.

சொல்வதற்கு ஆளோ பொருளோ இல்லாதபோதும் அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். அதற்குத்தான் வெறும் 'இட்'. அது எதையும் சுட்டுவதில்லை, இடத்தைப் பிடித்து வைக்கிறது. வானிலை, நேரம், தூரம், ஆகும் நேரம் நான்கும் இதற்குள் வரும். 'இட்ஸ் கோயிங் டு ரெயின்.' 'இட்ஸ் ஹாஃப் பாஸ்ட் டென்.' 'இட்ஸ் நாட் ஃபார்.' 'இட் டேக்ஸ் ஃபிஃப்டீன் மினிட்ஸ் டு ரீச் ஆத்தங்குடி.' தமிழில் 'மழை பெய்யுது' என்பதற்கு மழையே எழுவாய், அதனால்தான் 'ரெயின் இஸ் கமிங்' என்று வந்துவிடுகிறது. 'கால் மணி நேரம் ஆகும்' என்பதிலும் நேரமே எழுவாய்போல முன்னால் நிற்பதால் 'ஃபிஃப்டீன் மினிட்ஸ் வில் கம்' என்கிறோம். இந்த நான்கு வகைக்கும் வாயைத் திறந்ததும் 'இட்' வரும்படி பழக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பொருள் ஓரிடத்தில் இருக்கிறது என்று முதன்முதலாகச் சொல்லும்போது 'இட்' வராது, 'தேர்' வரும். 'வளவுல எட்டுத் தூண் இருக்கு' என்பதற்கு 'தேர் ஆர் எய்ட் பில்லர்ஸ் இன் தி கோர்ட்யார்ட்'. 'எய்ட் பில்லர்ஸ் இஸ் தேர்' என்பது தமிழ் வரிசையில் இங்கிலீஷ் சொற்களை அடுக்கியது. தூணைக் காட்டியாகிவிட்டது, இனி அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் 'தே': 'தே ஆர் மேட் ஆஃப் பர்மா டீக்'. முதலில் தேர், பிறகு தே. ஒலி நெருக்கமாக இருந்தாலும் வேலை வேறு.

இனி 'டிட் யூ லைக்?' தமிழில் செயப்படுபொருளையும் விட்டுவிடுவோம். 'பார்த்தேன்', 'பிடிச்சிருக்கு', 'வேண்டாம்' என்றால் எது என்பது பேச்சிலேயே புரியும். இங்கிலீஷில் லைக், வாண்ட், என்ஜாய், ஃபைண்ட், புட், பிரிங், ஷோ போன்ற வினைகளுக்குப் பின்னாலும் ஒரு இடம் உண்டு. 'டிட் யூ லைக் இட்?' 'டிட் யூ என்ஜாய் இட்?' 'ஐ டோன்ட் வாண்ட் இட்.' தூண்களைக் காட்டிக் கேட்டால் 'டிட் யூ லைக் தெம்?' கேட்பவருக்கு 'டிட் யூ லைக்?' பாதியில் அறுந்த வாக்கியம், மீதி வரும் என்று காத்திருப்பார். நோ (தெரியும் என்ற பொருளில் வருவது), அண்டர்ஸ்டாண்ட், ஃபர்கெட், ரிமெம்பர் இவற்றை மட்டும் பதில் சொல்லும்போது தனியாக விடலாம்: 'ஐ நோ', 'ஐ ஃபர்காட்'.

காலியாக விடுவது ஒரு வகை என்றால், ஒரே இடத்தில் இரண்டு பேரை உட்கார வைப்பது இன்னொரு வகை. 'திஸ் ஹவுஸ் இட் ஹேஸ் த்ரீ கோர்ட்யார்ட்ஸ்' என்பதில் 'திஸ் ஹவுஸ்' எழுவாய் இடத்தில் உட்கார்ந்த பிறகு 'இட்' எதற்கு? இரண்டில் ஒன்று போதும்.

'எனக்கு', 'உனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கும் வாக்கியங்களையும் கவனியுங்கள். எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்கு இது பிடிக்கும். தமிழில் எனக்கு எழுவாய் இல்லை, இங்கிலீஷில் அதே ஆள் எழுவாயாக மாறி 'ஐ' ஆகிவிடும்: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ', 'ஐ லைக் திஸ்'. 'டு மீ' என்று தொடங்கத் தோன்றினால் நிறுத்தி, அனுபவிக்கிற ஆளை முன்னால் கொண்டுவாருங்கள்.

கண்டாங்கி:

'தே' பற்றி நான் சொல்கிறேன். தமிழில் 'அவர்' என்பது வடிவத்தில் பன்மை, பொருளில் மரியாதை. இங்கிலீஷ் படர்க்கையில் மரியாதைப் பன்மை இல்லை. ஒரே ஆள், ஆண் என்று தெரியும் என்றால் 'ஹீ', பெண் என்றால் 'ஷீ'. அரசருக்கும் அதேதான், வீட்டு வேலைக்காரருக்கும் அதேதான். இதில் குறைவு ஒன்றும் இல்லை.

மரியாதை வேறு இடத்தில் வரும்: பெயரிலும் பட்டத்திலும். முதல் தடவை முழுப் பெயரைப் பட்டத்தோடு சொல்லுங்கள், அவர் செய்ததைச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு தயங்காமல் 'ஹீ'. சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவரைச் சொல்ல வேண்டுமா? 'டாக்டர் அழகப்ப செட்டியார் கேவ் த்ரீ ஹண்ட்ரட் ஏக்கர்ஸ் ஆஃப் லேண்ட். ஹீ வாஸ் பார்ன் இன் 1909, இன் கோட்டையூர்.' இதில் மரியாதைக்கு என்ன குறை? (லட்சம் என்றால் வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. 1.5 மில்லியன் என்று சொல்லுங்கள்.) 'ஹீ' திரும்பத் திரும்ப வருவது உறுத்தினால் நடுவில் ஒருமுறை 'தி ஃபவுண்டர்', 'தி ஓனர் ஆஃப் தி ஹவுஸ்' என்று பெயர்ச்சொல்லைப் போடலாம்.

'அவர்' இன்னொரு வழியிலும் இடறச் செய்யும். அதற்கு ஆண் பெண் இல்லை. 'டாக்டர் வந்தார்', 'கலெக்டர் சொன்னார்' என்றால் தமிழில் யாராகவும் இருக்கலாம். அதை அப்படியே மொழிபெயர்க்கும்போது வாய் 'ஹீ' என்று போய்விடும், ஆள் அம்மாவாக இருந்தாலும். ஆகவே அவர், வந்தார், சொன்னார் என்று மனசுக்குள் ஓடினால், ஆணா பெண்ணா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு வாயைத் திறக்க வேண்டும்.

முன்னிலையில் உங்களுக்குக் கவலையே இல்லை. நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ'. ஒரு காலத்தில் இங்கிலீஷிலும் நீ என்பதற்குத் 'தௌ' என்று தனிச்சொல் இருந்தது, 'யூ' பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது. பிறகு எல்லாரையும் 'யூ' என்றே அழைக்கத் தொடங்கி, 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து போய்விட்டது. ஒருவரைப் பார்த்துப் பேசும்போதும் 'யூ ஆர்' என்று பன்மை வினை வருவது அதனால்தான். 'யூ' என்பதற்குள் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நம் பக்கத்தில் எல்லார் பேச்சிலும் வருவது: 'எங்க'. எங்க அப்பச்சி, எங்க ஆத்தா, எங்க வீட்டுக்காரர் என்கிறோம். பேசுவது ஒரே ஆள்தான், ஆனாலும் பன்மை. அதை 'அவர் ஃபாதர்' (ஓ-யு-ஆர்) என்று மாற்றினால், பக்கத்தில் உடன்பிறந்தவர் யாராவது நிற்கிறார்களா என்று கேட்பவர் தேடுவார். ஒரு பெண் எங்க வீட்டுக்காரர் என்பதை அப்படி மாற்றினால் பொருள் விபரீதமாகிவிடும். தனியாகப் பேசும்போது 'மை ஃபாதர்', 'மை மதர்', 'மை ஹஸ்பண்ட்'. எங்க ஊர் என்பதற்கு மட்டும் 'அவர் டவுன்', 'மை டவுன்' இரண்டும் பொருந்தும்.

நாம், நாங்கள் வேறுபாடும் இங்கிலீஷில் கிடையாது, இரண்டுக்கும் 'வீ'. சுற்றிக் காட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம். 'வீ வில் ஹேவ் லஞ்ச் அட் ஒன்' என்றால், விருந்தாளிக்கும் சாப்பாடு உண்டா அல்லது வேலை பார்ப்பவர்கள் சாப்பிடப் போகிறார்களா? தெரியாது. விருந்தாளியைச் சேர்த்துச் சொல்ல 'லெட்ஸ் ஹேவ் லஞ்ச்' அல்லது 'ஆல் ஆஃப் அஸ்'. சேர்க்காமல் சொல்ல 'தி ஸ்டாஃப்', 'தி ஃபேமிலி', 'மை கலீக்ஸ் அண்ட் ஐ'.

வளவுத்தூண்:

ரொம்ப நன்றி ஐயா, அக்கா. 'எங்க' விஷயம் யாரும் சொல்லித் தந்ததில்லை. இன்னும் இரண்டு. பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போகும்போது சாமியை 'இட்' என்பதா 'ஹீ' என்பதா? வாக்கியத்தின் கடைசியில் 'இஸின்ட் இட்?' போடுவது எப்போதும் சரியா?

கண்டாங்கி:

சாமியைச் சொன்னால் 'ஹீ', கல்லில் செதுக்கிய உருவத்தைச் சொன்னால் 'இட்'. 'தி இமேஜ் இஸ் கார்வ்ட் அவுட் ஆஃப் தி ராக். இட் ஃபேசஸ் நார்த்.' அடுத்து 'லார்ட் விநாயகா ஹேஸ் ஒன்லி டூ ஆர்ம்ஸ் ஹியர். ஹிஸ் ட்ரங்க் கர்ல்ஸ் டு தி ரைட்.' பெயர்ச்சொல் எது என்று முதலில் தீர்மானித்தால் புரோநவுன் தானாக வரும். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டையும் கலக்க வேண்டாம்.

'இல்லையா' தமிழில் எல்லாருக்கும் ஒரே வடிவம், அதனால் 'இஸின்ட் இட்' எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்கிறது. இங்கிலீஷில் வால் கேள்விக்குள் வரும் புரோநவுன் முன்னால் உள்ள எழுவாயோடு பொருந்த வேண்டும், துணைவினையும் அதே. 'யூ ஆர் ஃப்ரம் ஃப்ரான்ஸ், ஆர்ன்ட் யூ?' 'ஷீ லைக்ஸ் காபி, டஸின்ட் ஷீ?' 'இட்ஸ் ஹாட், இஸின்ட் இட்?' கடைசி ஒன்றுக்குத்தான் அது பொருந்தும். பேசும் வேகத்தில் கணக்குப் போட முடியாவிட்டால் வாலை விட்டுவிட்டு 'ரைட்?' என்று கேளுங்கள், பேச்சில் அது சரியே.

தேவகோட்டை ரயிலடி:

'மைசெல்ஃப் சொல்லப்பன்' கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 'செல்ஃப்' சேர்ந்த வடிவங்கள் எழுவாயாகத் தனியே நிற்காது. செய்தவரும் செயலை வாங்கிக்கொண்டவரும் ஒரே ஆளாக இருக்கும்போது செயப்படுபொருள் இடத்தில் வரும்: 'ஹீ கட் ஹிம்செல்ஃப்'. அழுத்தத்துக்காக எழுவாய்க்குத் துணையாகவும் வரும்: 'ஹீ டிசைன்ட் தி ஹவுஸ் ஹிம்செல்ஃப்', அவரே வரைந்தார் என்று பொருள். 'மைசெல்ஃப் சொல்லப்பன்' என்பதில் எழுவாயும் இல்லை, வினையும் இல்லை. 'ஐ ஆம் சொல்லப்பன்' அல்லது 'மை நேம் இஸ் சொல்லப்பன்'. போனில் என்றால் 'திஸ் இஸ் சொல்லப்பன்'. மறுமுனையில் இருப்பவர் யார் என்று போனில் கேட்பதும் 'ஹூ ஆர் யூ' இல்லை, அது அதட்டலாக ஒலிக்கும். 'மே ஐ நோ ஹூ இஸ் காலிங்?'

வடிவங்களிலும் ஒரு பொறி உண்டு. மை, யுவர், ஓ-யு-ஆர் 'அவர்' மூன்றோடும் செல்ஃப் சேருவதைப் பார்த்து 'ஹிஸ்செல்ஃப்', 'தேர்செல்வ்ஸ்' என்று எழுதுவார்கள். ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்பவைதான் சரி. 'ஒருத்தரை ஒருத்தர்' என்பதற்குத் தெம்செல்வ்ஸ் வராது, 'ஈச் அதர்' வரும். 'தே ஹெல்ப்ட் தெம்செல்வ்ஸ்' என்றால் அவரவர் தமக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று ஆகிவிடும்.

தமிழ் 'தான்' இங்கே பெரிய இடைஞ்சல். 'முத்து, தான் வருவதாகச் சொன்னான்' என்பதில் தான் என்பது வெளி வாக்கியத்தில் உள்ள முத்துவைக் குறிக்கிறது. இங்கிலீஷ் செல்ஃப் தன் வாக்கியக் கட்டைத் தாண்டி வெளியே போய் ஆளைப் பிடிக்காது. அதனால் 'முத்து செட் தட் ஹிம்செல்ஃப் வில் கம்' தவறு. 'முத்து செட் தட் ஹீ வுட் கம்'. ஆனால் இந்த 'ஹீ' முத்துவாகவும் இருக்கலாம், வேறு ஒருவராகவும் இருக்கலாம். தமிழில் தான், அவன் என்று பிரித்துச் சொல்ல முடிவதை இங்கிலீஷில் புரோநவுனால் பிரிக்க முடியாது. குழப்பம் வரும் என்றால் பெயரையே திரும்பச் சொல்ல வேண்டும்.

ஐ, மீ குழப்பத்துக்கு ஒரு சோதனை. கூட இருக்கும் ஆளைத் தூக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஹீ கேவ் இட் டு முத்து அண்ட் ஐ' சரியா? முத்துவை எடுத்தால் 'ஹீ கேவ் இட் டு ஐ', காதே ஒப்புக்கொள்ளாது. ஆகவே 'முத்து அண்ட் மீ'. எழுவாய் இடத்தில் 'முத்து அண்ட் ஐ'. தன்னைக் கடைசியில் சொல்வது இங்கிலீஷ் வழக்கம். 'பிட்வீன்' முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்) என்பதால் 'பிட்வீன் யூ அண்ட் மீ' மட்டுமே. 'இட் இஸ் ஐ' என்பதுதான் இலக்கணப்படி சரி, 'இட்ஸ் மீ' தவிர்க்கத் தக்கது.

செக்காலை வாத்தியார்:

கடைசி வரியில் மாறுபடுகிறேன். கதவைத் தட்டும்போது 'யார்?' என்று கேட்டால் இங்கிலீஷ்காரர்கள் சொல்வது 'இட்ஸ் மீ'. அது பேச்சில் மட்டுமல்ல, இன்றைய நல்ல எழுத்திலும் ஏற்கப்பட்டது. 'இட் இஸ் ஐ' இலக்கணத் தேர்வில் மட்டுமே வாழ்கிறது. சுற்றிக் காட்டுகிறவர் அப்படிப் பேசினால் விறைப்பாக இருக்கும்.

அதேபோல 'எவ்ரிஒன்' ஒருமை, வினை 'எவ்ரிஒன் இஸ்'. அதன்பின் அவரவர் என்பதற்கு என்ன? பழைய புத்தகங்கள் 'ஹிஸ்' என்றன, போட்டித் தேர்வு வினாத்தாளில் அந்த விதியை இன்னும் எதிர்பார்ப்பார்கள். பேச்சில் 'எவ்ரிஒன் ஷுட் லீவ் தேர் ஷூஸ் அவுட்சைட்' என்பதே இயல்பு (இந்தத் 'தேர்' தே என்பதன் உடைமை வடிவம், டி-எச்-இ-ஐ-ஆர்). ஆள் ஆணா பெண்ணா தெரியாதபோது ஒருவருக்கும் 'தே' வரும்: 'சம்ஒன் லெஃப்ட் தேர் பேக்'. இது புதுசும் இல்லை, 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் உண்டு. தன்னை ஆண் பெண் என்று சொல்லிக்கொள்ள விரும்பாத ஒருவர் 'தே' என்று அழைக்கச் சொன்னால் அப்படியே அழைக்க வேண்டும். அந்தப் பொருளை மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இல் சேர்த்தது. வினை மட்டும் எப்போதும் பன்மை: 'தே ஆர்'.

ஆகவே கண்டாங்கி சொன்னதை இப்படி நுணுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: மரியாதைக்காக 'தே' இல்லை, ஆள் இன்னார் எனத் தெரியாதபோது 'தே' உண்டு. வீட்டைக் கட்டியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் அங்கே 'ஹீ'.

தேவகோட்டை ரயிலடி:

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் சொன்னது, பேச்சுக்கு ஐயா சொன்னது. ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில் வரும் ஒரு தவறையும் சேர்த்துவிடுகிறேன். ஹெர்ஸ், யுவர்ஸ், தேர்ஸ், உடைமைப் பொருள் தரும் இட்ஸ் எதிலும் மேல்காற்புள்ளி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது. புள்ளி போட்டால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம். எழுதி முடித்ததும் அந்த இடத்தில் 'இட் இஸ்' என்று விரித்து வாசியுங்கள். பொருள் வந்தால் புள்ளி, வராவிட்டால் புள்ளி வேண்டாம். ஹூஸ் என்பதற்கும் இதே சோதனை.

செக்காலை வாத்தியார்:

ஹூ, விச் பாக்கி இருக்கிறது. தமிழில் இதற்குப் பெயரெச்சம்: 'பர்மாவிலிருந்து வந்த தேக்கு', 'நேத்து பார்த்த வீடு'. எச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும், இணைக்கும் சொல்லே கிடையாது. இங்கிலீஷில் பெயர் முன்னால் வந்துவிடும், விளக்கம் பின்னால், நடுவில் ஒரு இணைப்புப் புரோநவுன். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இரண்டுக்கும் தட். 'தி டீக் தட் கேம் ஃப்ரம் பர்மா.'

முன்பு செயப்படுபொருள் இடத்தைக் காலியாக விடாதே என்று சொன்னேன். இங்கே நேர் எதிர். 'தி ஹவுஸ் விச் வீ சா இட் யெஸ்டர்டே' தவறு, ஏனென்றால் 'சா'வுக்கு உரிய செயப்படுபொருள் 'விச்' தான். அது முன்னால் வந்து நிற்கிறது. அதன் பழைய இடத்தில் 'இட்' போட்டால் ஒரே பொருளை இரண்டு முறை சொன்னதாகும். 'தி ஹவுஸ் விச் வீ சா யெஸ்டர்டே.' முன்னிடைச்சொல் மட்டும் கடைசியில் நிற்கும், அதை விழுங்கிவிடக் கூடாது: 'தி ரூம் வீ ஸ்லெப்ட் இன்'.

இணைப்புச் சொல்லை எப்போது விடலாம்? அதற்குப் பின்னால் வேறொரு எழுவாய் வந்தால் விடலாம்: 'தி ஹவுஸ் வீ சா'. அதுவே எழுவாய் என்றால் விட முடியாது: 'தி மேன் பில்ட் திஸ் ஹவுஸ் லிவ்ட் இன் பினாங்' என்பதில் 'ஹூ' இல்லாததால் இரண்டு வினைகள் மோதுகின்றன. 'தி மேன் ஹூ பில்ட் திஸ் ஹவுஸ்' என்று சொல்லுங்கள்.

கமா போட்டு இடையில் செருகும் கூடுதல் செய்தியில் 'தட்' வராது: 'தி ஃப்ளோர், விச் இஸ் இட்டாலியன் மார்பிள், ஸ்டேஸ் கூல்'. ஹூம் பேச்சில் ஏறக்குறைய இல்லை, ஹூ போதும். எழுத்தில் தேவைப்பட்டால் பதிலில் ஹிம் வருமா பாருங்கள், வந்தால் ஹூம். இரண்டுமே 'ம்' என்று முடிகின்றன.

வளவுத்தூண்:

ஆத்தங்குடி டைல்ஸ் செய்வதை விளக்க எழுதிப் பார்த்தேன். திருத்தித் தாருங்கள்.

'ஃபர்ஸ்ட் தே டேக் எ க்ளாஸ் ப்ளேட் அண்ட் புட் தி மோல்ட் ஆன் இட். தே போர் தி கலர்ஸ் இன்டு இட் அண்ட் டேக் அவுட். தென் தே புட் சிமெண்ட் அண்ட் சாண்ட் ஆன் இட். இட் இஸ் கெப்ட் இன் வாட்டர். ஆஃப்டர் தட் இட் கம்ஸ் ஆஃப் அண்ட் இட் இஸ் ஷைனி.'

கண்டாங்கி:

இலக்கணம் பெரும்பாலும் சரி. சிக்கல் வேறு: இதில் கண்ணாடி, அச்சு, கலர், கலவை, டைல் என்று ஐந்து பொருள்கள், எல்லாவற்றுக்கும் ஒரே 'இட்'. பட்டறையை நேரில் பார்த்தவருக்குத்தான் புரியும். 'இட்' வந்ததும் கேட்பவர் மனசு பொதுவாகக் கடைசியாகச் சொன்ன ஒருமைப் பொருளுக்குப் போகும். நீங்கள் நினைக்கிற பொருள் அது இல்லை என்றால் பெயரையே சொல்லிவிட வேண்டும். பெயரைத் திரும்பச் சொல்வது தமிழில் இழுவையாகத் தோன்றலாம், செய்முறை விளக்கத்தில் அதுதான் சரி.

முதல் வரியில் 'தே' யார்? முன்னால் யாரையும் சொல்லவில்லை. 'தி வொர்க்கர்ஸ்' என்று தொடங்குங்கள், பிறகு தே. 'மோல்ட் ஆன் இட்' கண்ணாடியைக் குறிக்கிறது, தெளிவு. 'கலர்ஸ் இன்டு இட்' அச்சைக் குறிக்கிறது, அதுவும் சரி, ஏனென்றால் அச்சைத்தான் கடைசியாகச் சொன்னீர்கள். 'டேக் அவுட்' என்பதில் செயப்படுபொருள் இல்லை. எதை வெளியே எடுக்கிறார்கள்? அச்சை. இங்கே 'இட்' போடுவதாக இருந்தால் நடுவில் வரும், 'டேக் இட் அவுட்'. 'டேக் அவுட் இட்' என்று வராது. முழுப் பெயர் என்றால் 'டேக் தி மோல்ட் அவுட்', 'டேக் அவுட் தி மோல்ட்' இரண்டும் சரி. புட் ஆன், பிக் அப், டர்ன் ஆஃப் போன்ற இரட்டை வினைகளில் எல்லாம் இதே விதி.

'சாண்ட் ஆன் இட்': அச்சை எடுத்தாகிவிட்டது, அதனால் இந்த 'இட்' தொங்குகிறது. கலர் பன்மை, 'ஆன் தெம்' அல்லது 'ஓவர் தி கலர்ஸ்'. கடைசி வரியில் கழன்று வருவது கண்ணாடி, பளபளப்பது டைல். இரண்டுக்கும் 'இட்' போட்டால் கண்ணாடிதான் பளபளக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள், டைலின் பளபளப்பு கண்ணாடியில் படிந்ததால் வந்தது என்ற முக்கியமான செய்தியே போய்விடும்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

'தி வொர்க்கர்ஸ் டேக் எ க்ளாஸ் ப்ளேட் அண்ட் புட் தி மோல்ட் ஆன் இட். தே போர் தி கலர்ஸ் இன்டு தி மோல்ட் அண்ட் லிஃப்ட் இட் அவுட். தென் தே ஸ்ப்ரெட் சிமெண்ட் அண்ட் சாண்ட் ஓவர் தி கலர்ஸ். தி டைல் இஸ் கெப்ட் இன் வாட்டர் டு க்யூர். வென் தி க்ளாஸ் கம்ஸ் ஆஃப், தி டைல் இஸ் ஷைனி, பிகாஸ் இட்ஸ் ஃபேஸ் வாஸ் அகைன்ஸ்ட் தி க்ளாஸ்.'

கடைசி வரியில் வரும் 'இட்ஸ்' உடைமை, எழுதும்போது புள்ளி இல்லாமல். யாராவது நிறங்களைக் காட்டி எது பிடிக்கும் என்று உங்களைக் கேட்டால், 'ஐ லைக் தி ரெட்' என்று நிறுத்தாமல் 'தி ரெட் ஒன்', பல டைல் என்றால் 'தி ரெட் ஒன்ஸ்' என்று முடியுங்கள். எண்ணக்கூடிய பொருளுக்கு மட்டும் ஒன். சிமெண்ட், மணல், காபி மாதிரி எண்ண முடியாதவற்றுக்கு 'சம்': 'டு யூ வாண்ட் சம்?'